பங்குச்சந்தை ஏன் சனிக்கிழமை திறந்தது?

2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறையில் இருக்க வேண்டிய தேசியப் பங்குச்சந்தை அன்று காலை 9.15-க்குத் திறந்து 10 மணிக்கு மூடியது. மறுபடி 11.30-க்குத் திறந்து 12.30-க்கு மூடியது. "இந்த ஒன்றே முக்கால் மணி நேர வியாபாரம் யாருக்காக?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

சர்வர்களுக்காகத்தான். முதல் அமர்வு மும்பையில் உள்ள வழக்கமான சர்வர்களில் ஓடியது. இரண்டாவது அமர்வு, பேரிடர் வந்தால் கைகொடுக்கட்டும் என்று சென்னையில் வைத்திருக்கும் மாற்று மையத்தில் ஓடியது. வேலையை இப்படி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கைமாற்றுவதுதான் ஃபெயில்ஓவர். 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகளில் தொடங்கிய கோளாறால் காலை 11.40-க்கு நின்ற வர்த்தகம், மாலை 3.45-க்குத்தான் திரும்ப ஆரம்பித்தது. மாற்று மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை.

தரவை நகலெடுத்து வைப்பதில் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், மும்பையிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஆயிரம் கி.மீ.க்குச் சற்று அதிகம். போய்வரக் குறைந்தது 10 மில்லி நொடி. ஒவ்வொரு ஆர்டருக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்கப் பங்குச்சந்தைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்தில் ஒரு மையத்துக்கு உடனுக்குடன் நகல் போகும், தூரத்து மையத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் போகும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மும்பையிலிருந்து பதில் வரவில்லை என்று வையுங்கள். சர்வர் செத்துவிட்டதா, நடுவில் கம்பி அறுந்ததா? சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கம்பிதான் அறுந்தது என்றால், மும்பை தன் பாட்டுக்கு வியாபாரம் நடத்திக்கொண்டிருக்கும். அது தெரியாமல் சென்னையும் கடை திறந்தால், ஒருவர் கணக்கில் உள்ள அதே 100 பங்குகள் இரண்டு ஊரிலும் விற்கப்படலாம். ஸ்ப்ளிட் பிரெய்ன் என்று இதற்குப் பெயர். ஒரு மணி நேரம் மூடிக் கிடப்பதே இதைவிட மேல்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஐந்து சர்வர்களை வைத்து, மூன்று பேராவது ஓட்டுப் போட்டால்தான் ஒரு சர்வர் தலைவர், அதாவது வேலையை நடத்தும் பொறுப்பாளர், என்று விதி செய்கிறார்கள். ஐந்து பேரில் எந்த மூவரை எடுங்கள், வேறு எந்த மூவரை எடுங்கள், ஒருவராவது இரண்டு குழுவிலும் இருந்தே தீருவார். அவருக்கு ஒரு சுற்றில் ஒரே ஓட்டு. ஆகவே ஒரே சுற்றில் இரண்டு தலைவர்கள் வரவே முடியாது! யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை, கூட்டல் கணக்கே காவல் நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஒங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் உருவாக்கிய ராஃப்ட் முறை இதைத்தான் செய்கிறது. சுற்றுக்கு ஓர் எண் உண்டு. இணைப்பு அறுந்து கிடந்த பழைய தலைவர் திரும்பி வந்து, "நான் 7-ஆம் சுற்றின் தலைவர்" என்று எதையாவது எழுதப் பார்த்தால், 8-ஆம் சுற்றுக்குப் போய்விட்ட மற்றவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். அந்த நயமெல்லாம் வேண்டாம் என்பவர்கள் பழைய சர்வரின் மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள்.

ஆனால் இரண்டே இடங்கள் இருந்தால் இந்தக் கணக்கு கைவிட்டுவிடும். இரண்டில் பெரும்பான்மை என்பது இரண்டும்தானே; ஒன்று போனால் மற்றதற்கு அதிகாரம் இல்லை. எனவே மூன்றாவது இடத்தில், ஓட்டுப் போட மட்டும் ஒரு சாட்சி சர்வர் வேண்டும். இல்லையென்றால் மனிதர் யாராவது முடிவெடுக்க வேண்டும். மனிதர் தயங்குவார். 2021 மார்ச்சில் பங்குச்சந்தைகளின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி போட்ட விதி இந்தத் தயக்கத்துக்குத்தான் கெடு வைத்தது: முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையம் ஓட வேண்டும்.

சாட்சி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றியபோது 43 நொடி இணைப்பு அறுந்தது. பெரும்பான்மை விதிப்படியே பொறுப்பு மேற்குக் கரைக்குப் போனது. ஆனால் அறுந்த கணத்தில் கிழக்கில் எழுதப்பட்டவற்றில் சில மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரு தரவுத்தளத்தில் மட்டும் அப்படி 954 பதிவுகள். இணைப்பு திரும்பியபோது இரு கரையிலும் மற்றதில் இல்லாத தரவு இருந்தது. சேவையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

இப்படிப்பட்ட சிக்கல் காகிதத்தில் தெரியாது. நம்மூரில் ஆயுதபூஜைக்குச் சர்வர் அலமாரிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், வைக்கட்டும். ஆனால் பூஜைக்குத் தவறாமல் வரும் அதிகாரிகள் ஒத்திகை என்றதும் "ரிப்போர்ட் மட்டும் அனுப்பிடுங்க" என்பது எனக்கு எரிச்சல். போலி ஆர்டர்களை விட்டுப் பார்த்தால் சர்வர் தேறிவிடும். தரகரின் கணினி பழைய முகவரியையே தேடிக்கொண்டிருப்பதும், மாற்று மையம் தன்னை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடப்பதும், கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் விடுப்பில் இருப்பதும் உண்மையான பணம் ஓடும்போதுதான் வெளியே வரும். அந்தச் சனிக்கிழமை பங்குகளின் விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டு, வியாபாரத்தை நிஜமாகவே நடத்தியது அதற்காகத்தான்.