பழைய விமான மாடலுக்கு எஞ்சின் தேடுற தம்பிமாரே, முதல்ல தராச எடுங்க

விமானம் ரிப்பேர் பண்ற வேலையில இருந்துட்டு ஊர் பக்கம் வந்ததுலருந்து எனக்கு வர்ற கோல்ல பாதி ஒரே கேள்விதான், அண்ணே டைகர் மொத்ங்குற அந்தக் காலத்து ரெண்டடுக்கு எறக்கை விமானம் மாதிரி ஒண்ணு கட்டுறேன், எத்தன குதிரைத்திறன் எஞ்சின் போடலாம்னு. ஆசை நல்ல ஆசைதான், நானும் அதே ஆசையில தொழிலுக்கு வந்தவன், ஆனா கேள்வி தப்பான எடத்துலருந்து தொடங்குது.

போன வருஷம் வெலிமட பக்கம் ஒரு தம்பி கூப்பிட்டாரு. ஃப்ரேம் அருமையா செஞ்சிருந்தாரு, ஒரிஜினல விட கொஞ்சம் சின்ன சைஸ், முன்னுக்கு ஒரு பழைய வேன் எஞ்சின். "எவ்வளவு கிலோ தம்பி?"ன்னேன், தெரியாதுன்னாரு. தோட்டத்துல கொழுந்து நிறுக்குற தராச கேட்டு வாங்கி, ரேடியேட்டர், தண்ணி, ஒயில், பெட்டரி எல்லாத்தையும் சேத்து நிறுத்தாதான் உண்மையான கணக்கு வரும்னு சொன்னேன்.

ஏன்னா டைகர் மொத்துல இருந்த ஜிப்சி மேஜர் எஞ்சின் 130 குதிரைத்திறன், எடை சுமார் 140 கிலோ. அது ஈர்ப்பு மையத்துலருந்து, அதாவது விமானம் முன்னும் பின்னும் சாயாம சமமா நிக்கிற புள்ளியிலருந்து, 1.2 மீட்டர் முன்னுக்கு இருக்குன்னு உதாரணத்துக்கு வச்சுக்குங்க, 140 தர 1.2, 168 வருது, மூக்க கீழ அமுக்குற கணக்கு அதுதான். அந்த எடத்துல 80 கிலோ எஞ்சின் போட்டா அதே 168 கிடைக்க 2.1 மீட்டர் முன்னுக்கு தள்ளணும், மூக்கு கொக்கு மாதிரி ஆயிரும். தள்ளாம விட்டா வால் கனத்துப் போகும், வால் கனத்த விமானம் ஸ்டோல் ஆகி, அதாவது எறக்கை தூக்குற சக்தி போய், சுழல ஆரம்பிச்சா திருப்பி எடுக்குறது ரொம்ப கஷ்டம். எடை கொறஞ்சா நல்லதுதானேன்னு நெனைக்காதீங்க.

அடுத்தது சுத்துற வேகம். ஜிப்சி மேஜர் 2350 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 2350 சுத்துல, முழு சக்தி குடுக்கும், வேன் எஞ்சினுக்கு 5000 வேணும். 1.5 மீட்டர் ப்ரொப்பெலர நேரா மாட்டி 5000ல சுத்துனா நுனி செக்கனுக்கு 390 மீட்டர் போகும், ஒலியோட வேகமே 340தான், சத்தம் காத கிழிக்கும் இழுவை வராது. அதனாலதான் சின்ன சைஸ் மாடலுக்கு நான் ரொட்டாக்ஸ் 912ங்குற சின்ன விமான எஞ்சின் மாதிரி கியர் போட்ட எஞ்சினதான் சொல்லுவேன், 5800ல சுத்துனாலும் ப்ரொப்பெலர் 2400 கிட்டதான் சுத்தும். ஒண்ணு பாத்துக்குங்க, அந்த 912ல 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் வேணும், ஷெட்ல 92 அடிச்சுட்டு கிளம்பாதீங்க. ஜிப்சி மேஜர் சுத்துற திசையும் இப்பத்த எஞ்சின்களுக்கு எதிர்ப்பக்கம், அதனால பழைய ப்ளான்ல வால் செட்டிங் எப்படி இருக்கோ அப்படியே கொப்பி பண்ணா விமானம் ஒரு பக்கம் இழுக்கும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு கணக்கும் இருக்கு. ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தி போகும், நுவரெலியா 6000 அடிக்கு மேல, அங்க 100 குதிரைத்திறன் எஞ்சின் 80 கிட்டதான் குடுக்கும், மெல்லிசான காத்துல எறக்கையும் கொறவாதான் தூக்கும். பனிமூட்டத்துல கார்பரேட்டருக்குள்ள ஐஸ் கட்டும், வெளிய 15 டிகிரி இருந்தாலும் கட்டும், சைலன்சர் சூட்ட எடுத்து காத்த சூடாக்குற ஏற்பாடு இல்லாம இந்த மலையில பறக்கவே கூடாது. எஞ்சின் நின்னா எறங்க எங்க எடம், எல்லாம் தேயிலை சரிவு.

இப்ப எஞ்சின ஃப்ரேமோட சேத்து தாங்குற மவுண்டுக்கு வாறேன், வெலிமட தம்பியோட வேலையில என்னைய பயமுறுத்துனது அதுதான். தம்பி கேட், கிரில் அடிக்கிற பாஸ்கிட்ட குடுத்து ஜீஐ பைப்புல வெல்ட் பண்ணியிருந்தாரு. தரையில 20 நிமிஷம் ஓட்டுனதாம். கறுப்பு பெயின்ட், ஒண்ணும் தெரியல, மேல் இடது மூலையில பெயின்ட சுரண்டி பாத்தா வெல்ட் ஓரத்துல மயிர் மாதிரி ஒரு வெடிப்பு, என் கை நடுங்கிருச்சு. மவுண்டுக்கு 4130 குரோம்மொலிங்குற உறுதியான கலப்பு உருக்குக் குழாய்தான், ஒவ்வொரு குழாயும் முக்கோணமா நின்னு இழுவையும் அழுத்தமும் மட்டும் தாங்கணும், வளையவே கூடாது. வெல்டிங் விமான வேல தெரிஞ்சவர் செய்யணும். பெயின்ட் வெளிர் நிறத்துல அடிங்க, வெடிப்பு விழுந்தா கண்ணுக்கு படும். எஞ்சின் அதிர்வ வாங்குற ரப்பர் புஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் பெரிய வொஷர் போடுங்க, ரப்பர் கிழிஞ்சாலும் எஞ்சின் கழண்டு போகாது. ரப்பர் கரன்ட்ட கடத்தாது, எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல தனியா எர்த் பட்டி போடலன்னா ஸ்டார்ட் பண்ற கரன்ட் எக்சிலேட்டர் கேபிள் வழியா போய் அத எரிச்சுரும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

பறக்க விடுற நோக்கம் இருந்தா குழாய் வெட்டுறதுக்கு முன்னுக்கே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையோட பேசுங்க, 2010ம் ஆண்டு 14ம் இலக்க சட்டம் இருக்கு, கட்டி முடிச்சுட்டு போய் நிக்காதீங்க.

தம்பி அன்னைக்கே மவுண்ட கழட்டிட்டாரு, மொகம் சுருங்கிருச்சு பாவம். எஞ்சினையும் மாத்த போறேங்குறாரு, எத எடுத்தாலும் முதல்ல தராசுல வச்சு நம்பர அனுப்புங்கன்னு சொல்லியிருக்கேன். புது மவுண்ட் வந்ததும் வால மரத்துல கட்டிட்டு முதல் ஸ்டார்ட் பண்ணுவோம், நானும் வாறேன்.