துண்டும் வாளியும் இரண்டு டன் கியர்பாக்ஸும்

பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு வைகாசி பிறந்துவிட்டால் ஓய்வு கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி. அதனால் ரிப்பேர் வேலையெல்லாம் மாசி, பங்குனியில்தான் நடக்கும். பழுதான கியர்பாக்ஸைக் கழற்றி லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு பட்டறையில் ஒரு பங்குனி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். போனது கியர்பாக்ஸ் பார்க்க. ஆனால் கண் போனதெல்லாம் தலைக்கு மேல் ஓடிய ஐந்து டன் கிரேன் மேல்தான்.

ஓவர்ஹெட் கிரேனில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் உயரத்தில் தண்டவாளம். அதன்மேல் குறுக்காகக் கிடக்கும் கர்டர் என்கிற இரும்பு உத்தரம் முன்னும் பின்னும் ஓடும். கர்டர் மேல் ட்ராலி இடமும் வலமும் ஓடும். ட்ராலியிலிருந்து வயர் ரோப் என்கிற கம்பி வடத்தில் கொக்கி ஏறி இறங்கும். கூடங்குளம் அணு உலைக் கட்டடத்துக்குள் இருப்பதும் இதே சாதிதான். அங்கே தண்டவாளம் வட்டமாக இருக்கும்.

"அஞ்சு டன் கிரேன், ரெண்டு டன் பெட்டி. அப்புறம் என்ன அண்ணாச்சி பயம்?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீர் நிறைந்த வாளியின் கைப்பிடிக்குள் நுழைத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறுமுனை அவர் கையில். பக்கத்தில் நின்றவரை வாளி லேசாகத்தான் இருந்தது. "இப்ப மெல்லப் பொறத்தால போங்க தம்பி" என்றார். இரண்டடி நகர்ந்ததும் தோள்பட்டை இழுத்தது. நாலடியில் துண்டு கிட்டத்தட்ட கொடிக்கயிறு போலப் படுத்துவிட்டது, கை நடுங்கியது. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை.

கணக்கு இதுதான். துண்டு செங்குத்தாக இருந்தால் ஆளுக்குப் பாதி எடை. சாயச் சாய, மேலே தூக்கும் இழுப்போடு, பக்கவாட்டில் ஒருவரையொருவர் இழுக்கும் வீண் இழுப்பும் சேரும். சுமையைக் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது பட்டைக்கு ஸ்லிங் என்று பெயர். இரண்டு டன் கியர்பாக்ஸை இரண்டு ஸ்லிங் போட்டுத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். நேராக நின்றால் ஒவ்வொன்றுக்கும் 1 டன். தரையோடு 60 பாகைக் கோணம் என்றால் 1.15 டன். 45 பாகையில் 1.4. 30 பாகைக்குச் சாய்ந்தால் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் முழுசாக 2 டன். 1.5 டன் தாங்கும் என்று தகடு அடித்த ஸ்லிங் அங்கே தோற்றுப்போகும்.

இதில் இன்னொரு வினை உண்டு. இவ்வளவு நடந்தும் கிரேன் உணர்வது அதே 2 டன்தான். அளவுக்கு மிஞ்சினால் நிறுத்துகிற ஓவர்லோடு சுவிட்ச் வாயே திறக்காது. ஸ்லிங்கின் கோணத்தை மனிதக் கண்தான் பார்க்கவேண்டும். நீளமான ஸ்லிங் போட்டால் கோணம் நிமிரும். கூரை உயரம் போதாத பட்டறைகளில்தான் குட்டை ஸ்லிங்கைத் தேடுகிறார்கள். அங்கே நடுவில், ஸ்லிங்குகளை அகட்டி நேராகத் தொங்கவிடும் ஸ்பிரெடர் பீம் என்கிற குறுக்குச் சட்டம் கொடுக்கவேண்டும்.

அடுத்தது ஊஞ்சல். வீட்டு ஊஞ்சலில் தாத்தா உட்கார்ந்தாலும் பேத்தி உட்கார்ந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதை முடிவு செய்வது சங்கிலியின் நீளம். கிரேனும் அப்படியே. ஆறு மீட்டர் கீழே தொங்கும் சுமை, போய்த் திரும்ப ஐந்து விநாடி. நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் போகும் கிரேனைச் சட்டென்று நிறுத்தினால், சுமை இரண்டு பக்கமும் அரை மீட்டர் வீசும். பலர் கையைக் கொடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். இரண்டு டன்னை! அண்ணாச்சி செய்ததோ வேறு: சுமை முன்னால் வீசி உச்சிக்குப் போனபோது கிரேனையும் அந்தப் பக்கமே ஒரு தட்டு தட்டி, கொக்கியை அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஆட்டம் அப்படியே அடங்கியது.

ஊஞ்சலை நாமே வலிய உண்டாக்கும் வழியும் இருக்கிறது. லாரி வாசலோடு நின்றுவிடும், கொக்கி அதுவரை எட்டாது. "சும்மா கொஞ்சம் சாய்ச்சு இழு" என்பார்கள். வேறொரு பட்டறையில் நானே பார்த்தேன். கொக்கிக்கு ஒரு மீட்டர் தள்ளி இருந்த பெட்டி, லாரியை விட்டு எழும்பியதும் கொக்கிக்கு நேர்கீழே பாய்ந்து, அதே வேகத்தில் மறுபக்கமும் போனது. அங்கே தூணில் சாய்த்திருந்த சைக்கிள் அப்பளமானது. அந்த இடத்தில் பத்து நிமிடம் முன்பு நான்தான் நின்றிருந்தேன். இப்படிச் சாய்த்து இழுத்தால், ரோப் சுற்றிக்கொள்ளும் டிரம் உருளையின் பள்ளத்திலிருந்து ரோப்பும் தடம் மாறும்.

ரோப் என்றதும் 2024 ஆனித் தேரோட்டம் நினைவுக்கு வருகிறது. நெல்லையப்பர் தேர் வடம் அடுத்தடுத்து அறுந்ததை ஊரே பார்த்தது. வயர் ரோப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: ஒவ்வொரு கம்பியாக அறுந்து, முள் முள்ளாக நீட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கையுறை போட்டு, பழைய துணியால் அங்கங்கே பிடித்துப் பார்த்தால் துணி மாட்டிக்கொள்ளும். 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது கிரேனை முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்றது. தண்டவாளத்தருகே ஆள் வேலை செய்தால் கிரேன் 6 மீட்டருக்குள் வரக்கூடாது என்றதும் அதே பிரிவுதான். பெயின்ட் அடிக்க ஏறுகிறவரை எத்தனை பட்டறையில் நினைத்துப் பார்க்கிறார்களோ.

மதியம் கியர்பாக்ஸ் இரண்டரை அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுமை அசையவில்லை. கிரேன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங். மின்சாரத்துக்கு அங்கே பிரேக்கைத் திறக்கும் வேலை மட்டும்தான். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாகக் கவ்விக்கொள்ளும். ஆனால் உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ இருந்தால் சுமை அங்குலம் அங்குலமாக இறங்கும்.

அண்ணாச்சி கிரேனை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அமுக்கினார். சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார். பெட்டியின் அடி விளிம்புக்கு நேராக, எட்டத் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சுமையை விட்டு நகரக்கூடாது என்பதால் டீ அங்கேயே வந்தது. அரைமணி கழித்து விளக்கு எரிந்ததும், டம்ளரை வைத்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டைப் பார்த்தார். விளிம்பு அதே இடத்தில் இருந்தது. சிவப்புப் பட்டனைத் திருகி விடுவித்து, பெட்டியை மெல்ல இறக்கத் தொடங்கினார்.