சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லையே, ஏன்?

வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்மையாக்கும் கருவி, பொருத்தியவர்கள் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முன்பு 1,200 காட்டியது, இப்போதும் கிட்டத்தட்ட அதேதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்கள்." டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. சாஃப்ட்னர் ஒழுங்காக வேலை செய்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். ஏன் என்று புரிந்தால், எந்தத் தண்ணீருக்கு எந்தக் கருவி என்பதும் புரிந்துவிடும்.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு: ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி அணைத் தண்ணீர், உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, எளிதில் கரையாத பாறைகளின் மேல் ஓடி சீக்கிரமே அணைக்கு வந்துவிடுகிறது. வழியில் எதையும் பெரிதாகக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. போர் தண்ணீரின் கதை வேறு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுக்கான்கல், சுண்ணாம்புக்கல் மேல் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்தப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அதனால்தான். இப்படிக் கரைந்த கால்சியமும் மக்னீசியமும்தான் தண்ணீரின் கடினத்தன்மை.

தண்ணீரைச் சூடாக்கினால் இதே வினை பின்னோக்கி நடக்கும். கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் மறுபடி சுண்ணாம்பாகிப் படிகிறது. கீசர் காயிலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக்கொண்டு கரைவதும் அது சுண்ணாம்பு என்பதால்தான். சோப்பு நுரைக்காததற்குக் காரணமும் கால்சியமே: அது சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகிறது. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வதும் வெறும் நம்பிக்கை இல்லை. பருப்பின் செல் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் அந்தக் கட்டு தளரும், பருப்பும் குழையும்.

சரி, சாஃப்ட்னருக்குள் என்ன நடக்கிறது? உருளைக்குள் இருப்பது கடுகைவிடச் சிறிய, தேன் நிற மணிகள். ரெசின் என்பார்கள், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகை. ஒவ்வொரு மணியிலும் எதிர்மின் ஏற்றம் கொண்ட கணக்கற்ற இடங்கள் நிலையாகப் பதிந்திருக்கின்றன. தொடக்கத்தில் அந்த இடங்களில் எல்லாம் சோடியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட சோடியம் அணுக்கள், இருக்கும். கடின நீர் உள்ளே வந்ததும், இரட்டை மின்னேற்றம் கொண்ட கால்சியம் ரெசினோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு கால்சியத்துக்கு இடம்விட்டு இரண்டு சோடியங்கள் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. கவனியுங்கள், இங்கே எதுவும் வடிகட்டப்படவில்லை; ஆள் மாற்றம் மட்டும்தான்.

இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை அல்ல, வயலில் கிடைத்தது. 1850 வாக்கில் இங்கிலாந்தில் தாம்ப்சன் என்ற விவசாய ஆர்வலர் அம்மோனியம் சல்பேட் உரக் கரைசலை மண் வழியாக வடித்துப் பார்த்தார். கீழே வந்ததில் அம்மோனியம் குறைந்து, அதற்குப் பதில் கால்சியம் சல்பேட் இருந்தது. மண் ஒரு அயனியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கான்ஸ் என்பவர் செயற்கைத் தாதுக்களை வைத்து இதையே தண்ணீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். ரெசின் மணிகள் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது டிடிஎஸ் கணக்குக்கு வருவோம். கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் எடையாகச் சொல்வது வழக்கம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை கால்சியத்தால் மட்டுமே வந்தது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீரில் 200 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். சாஃப்ட்னர் அதை எடுத்துவிட்டு 230 மில்லிகிராம் சோடியத்தை வைக்கிறது. கரைந்திருப்பவற்றின் எடை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது! மீட்டரோ எடையை நேரடியாக அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து ஒரு எண்ணைச் சொல்கிறது. அதற்குக் கால்சியமும் ஒன்றுதான், சோடியமும் ஒன்றுதான். சாஃப்ட்னரைச் சோதிக்க வேண்டுமானால் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். சாயம் போட்டதும் மென்மையான நீர் நீலமாகவும் கடின நீர் ஒயின் சிவப்பாகவும் மாறும். கிட் இல்லையா, பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரோடு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்கினாலே பாதி விடை தெரிந்துவிடும்.

இதனால்தான் வாயில் கரிக்கும் தண்ணீருக்குச் சாஃப்ட்னர் மருந்தல்ல. கரிப்பு சோடியம் குளோரைடால் வருவது. அதை ரெசின் தொடுவதில்லை. மணல் ஃபில்டரும் தொடாது, அது கலங்கலுக்கானது. கார்பன் ஃபில்டர் குளோரினையும் வாடையையும் பிடிக்கும், உப்பை விட்டுவிடும். கரைந்த உப்பை வீட்டில் எடுக்க ஆர்.ஓ.தான் வழக்கமான வழி: தண்ணீரை அழுத்தி ஒரு சவ்வு வழியாகத் தள்ள, உப்பு பெரும்பாலும் இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. வெளியே கொட்டும் தண்ணீர் பெரும்பாலான வீட்டு ஆர்.ஓ.க்களில் நமக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்பதால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. சிறுவாணி மாதிரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவது, என்னைக் கேட்டால், வீண். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொன்னது.

போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் பழுப்பாகிறதா? அது இரும்பு. காற்றுப்பட்டதும் துருவாக மாறிப் படியும். சாஃப்ட்னருக்கு முன்னால் தனியாக இரும்பு ஃபில்டர் வைக்காவிட்டால் ரெசின் மணிகள் துருவேறிக் கெட்டுப்போகும். குழாயில் காந்தத்தைக் கட்டினால் தண்ணீர் மென்மையாகும் என்று விற்கிறார்களே, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். காந்தம் கால்சியத்தை எடுப்பதில்லை. சோப்பு நுரைக்காமலேதான் இருக்கும்.

கடின நீரைக் குடித்தால் ஆபத்து என்ற பயமும் மிகையானது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. இந்தியத் தரநிலை 200 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை என்றும் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள்தான் சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கத் தயங்க வேண்டும், சோடியம் கூடியிருக்கிறதே. அடுப்படிக் குழாய்க்கு சாஃப்ட்னரைத் தொடாத தனி இணைப்பு கொடுப்பது அதனால்தான்.

கடைசியாக, விற்பவர் அழுத்திச் சொல்லாத செலவு. ரெசின் முழுவதும் கால்சியம் ஏறியதும், கல் உப்புக் கரைசலை விட்டு அதைக் கழுவ வேண்டும். சோடியம் பெருங்கூட்டமாக வந்தால் கால்சியம் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின், 500 கடினத்தன்மை என்றால் 2,500 லிட்டருக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3 கிலோ உப்பு. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும். அந்த உப்புக் கழிவு, மிஞ்சிய உப்போடு கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் கலந்து வெளியேறும். அதை வாழைக்கோ தென்னைக்கோ விடாதீர்கள், மழைநீர்க் குழியில் கண்டிப்பாக விடாதீர்கள். குழியில் விட்டால், அது இறங்கிப் போகும் இடம் உங்கள் போர்தான்.