12 வோல்ட்டில் எத்தனை வாட்ஸ் வரும்?

சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் போர்டு (பாட்டின் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போனால், "எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம்ஸ்? போர்டுக்கு எத்தனை வோல்ட் கொடுக்கப் போகிறோம்? இவை தெரிந்தால் வாட்ஸ் தானாகக் கணக்கில் வந்துவிடும். போர்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியாது.

4440 என்ற ஐசி உள்ள போர்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஆம்ப் கட்டிப் பழகிய பலருக்கும் கை பழகியது இந்த சான்யோ ஐசியில்தான். 12 வோல்ட் சப்ளையில் ஐசி தன் அவுட்புட்டை நடுவில், 6 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும். அங்கிருந்து மேலே 6, கீழே 6, அவ்வளவுதான் அதனால் ஆட முடியும். 6 வோல்ட் உச்சம் என்றால் ஆர்எம்எஸ், அதாவது வாட்ஸ் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஒருவகைச் சராசரி, சுமார் 4.2 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்ஸ். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் நாலரை வாட்ஸ் வருகிறது.

பிரிட்ஜ் இணைப்பில் இரண்டு ஆம்ப்கள் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். பெரிய ரம்பத்தை இரண்டு பேர் பிடித்து மரம் அறுப்பதுபோல, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். வோல்ட் இரட்டிப்பாவதால் வாட்ஸ் நான்கு மடங்காகும். அப்போதும் 18 வாட்ஸ்தான். ஐசிக்குள் ஆகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். இதே 12 வோல்ட் பெட்டியில்தான் "பிஎம்பிஓ 1000 வாட்ஸ்" என்று, கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கை ஒட்டி விற்கிறார்கள். நம்பி வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, 18 வாட்ஸ் ஒரு வீட்டுக்குப் போதுமா? 87 டெசிபல் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் அந்தச் சத்தம் வரும் என்று பொருள். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். 2 வாட்ஸுக்கு 90, 4க்கு 93, 8க்கு 96. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். அதனால் 50 வாட்ஸ் போர்டை எடுத்துவிட்டு 100 வாட்ஸ் போடுகிறவர் எதிர்பார்த்த வித்தியாசத்தைக் கேட்கமாட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாம் சாதாரணமாகக் கேட்பதே ஓரிரு வாட்ஸில்தான். மிச்சம் எதற்கு என்றால், தவிலில் விழும் ஒரு அடிக்கு. அந்தக் கணத்தில் வோல்ட் போதாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, சத்தம் பிசிறடிக்கும்.

ஹாலில் 8 ஓம்ஸ் பெட்டிகளை நன்றாகப் பாட வைக்க டிடிஏ7294 எனக்குப் பிடித்த ஐசி. இதற்கு பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி வோல்ட்டை 1.41ஆல் பெருக்கினால் கண்டன்சரில் நிற்கும் டிசி கிடைக்கும். 24-0-24 (நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி) கொடுத்தால் பிளஸ் மைனஸ் 34. டேட்டாஷீட்படி 8 ஓம்ஸில் 70 வாட்ஸுக்குக் கேட்பது 35 வோல்ட், ஆகவே பொருத்தம். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் அதே 70 வாட்ஸுக்கு 27 வோல்ட் போதும், 18-0-18 வாங்குங்கள், 25 வோல்ட் வரும், வாட்ஸ் சற்றுத்தான் குறையும். வோல்ட்டை ஏற்றினால் ஹீட் சிங்க்தான் கொதிக்கும்.

இதை நான் ஒரு உறவினரின் சப் வூஃபரில் கற்றுக்கொண்டேன். கையில் இருந்த 30-0-30 டிரான்ஸ்ஃபார்மரையே போட்டுவிட்டேன். டிசி 42 வோல்ட், ஐசி வேலை செய்ய வேண்டிய எல்லையோ 40. பகலெல்லாம் பாடியது. இரவு லைன் வோல்டேஜ் ஏறியதும் பட்டென்று ஒரு சத்தம். ஐசியின் நெற்றியில் சிறு துளை, வூஃபர் காயிலிலிருந்து கருகிய வாசனை. ஐசி செத்ததும் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் போயிருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய வூஃபர் அவருடையது.

டிவி பக்கத்தில் வைக்க என்றால் கிளாஸ் டி போர்டு நல்லது. 7294 போன்ற ஏபி வகையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய்போல நின்று மிச்ச வோல்ட்டைச் சூடாகக் கழிக்கிறது. டிபிஏ3116 போன்ற டி வகையில் அது விநாடிக்கு 4 லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு இருக்கிறது. காயிலும் கண்டன்சரும் அந்த வெட்டுகளை மழுப்பி அலையாக்குகின்றன. பாதி நிலையில் நிற்காததால் சூடு குறைவு. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே போதும், 8 ஓம்ஸில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 20 வாட்ஸ் வரை எதிர்பார்க்கலாம். ஆனால் இது பிரிட்ஜ் அவுட்புட். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள், கிரவுண்டிலும் சேர்க்காதீர்கள்.

அப்புறம், 7294இன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. ஹீட் சிங்குக்கும் அதற்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் கட்டாயம். டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக் கட்டிய ஆம்பை முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரிஸாகப் போடுங்கள். ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. அப்படியே பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கோ ஷார்ட். பல்பு மங்கிய பிறகு மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்துப் பாருங்கள். டிசி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.