மரப்பட்டறையில் பாதியில் நிற்கும் வேலைகளை என்ன செய்வது?

வீட்டிலேயே தச்சு வேலை பழகுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்திலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ ஒரு மேசை, நான்கு உளி, ஒரு மின்ரம்பம் என்று தொடங்குகிறார்கள். ஆலோசனை கேட்டு அழைப்பவர்களின் பட்டறைக்குப் போனால், நான் முதலில் பார்ப்பது சுவரோரம் சாய்ந்திருக்கும் அரைகுறை வேலைகளைத்தான். கால் மாட்டாத ஸ்டூல், கதவில்லாத அலமாரி, பசை போட்டதோடு விட்ட சட்டம். “கிடக்கட்டும், ஒருநாள் முடித்துவிடலாம்” என்கிறார்கள். ஆனால் மரம் சும்மா கிடப்பதில்லை.

சித்திரை வெயிலில் செதுக்கிய கழுந்து, அதாவது இன்னொரு துண்டின் துளைக்குள் பொருத்தும் முனை, ஐப்பசி மழையில் ஈரம் ஏறிப் பருத்துவிடும், துளைக்குள் போகாது. மரம் நீளவாட்டில் அநேகமாக மாறாது, அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்து நிறுத்திய பலகை வளைந்துபோவதும் இதனால்தான். பழைய வேலையைக் கையில் எடுத்தால் பழைய அளவை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது உளுப்பு வண்டு. மாமரம், ரப்பர் மரம், வைரம் பாயாத வெளிப்பகுதிக் கட்டை ஆகியவற்றில் இருக்கும் மாவுச்சத்துதான் இதற்கு உணவு. பூச்சு இல்லாத மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். முடித்துப் பூசிய நாற்காலியைவிட முடிக்காத நாற்காலிக்குத்தான் ஆபத்து அதிகம். குண்டூசித் தலையளவு துளையும் அதன் கீழே முகப்பவுடர் போன்ற மெல்லிய தூளும் தெரிந்தால், அந்தத் துண்டை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டி மற்ற மரங்களுக்கும் பரவும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மரமல்ல, அதன் அருகே கிடக்கும் துணி. ஆளி விதை எண்ணெயோ அது கலந்த பாலிஷோ தேய்த்த துணி, காய்கிறபோது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது. மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ கிளம்பியது; தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். உங்கள் கொட்டகையில் மரத்தூளும் தின்னர் டப்பாவும் பக்கத்திலேயே இருக்கும். தயவுசெய்து துணியைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். பட்டறையை ஒழுங்குபடுத்தும் நாளில் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

பிறகு தூசி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. துடைப்பத்தால் வீசிப் பெருக்காமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாருங்கள். மரம் திடமாக இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இன்னும் அது தேவையா? இரண்டுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று பென்சிலால் அதன்மேலேயே எழுதுங்கள். இப்படி இரண்டு வேலைகளுக்கு மேல் வைத்துக்கொள்வதை நான் ஊக்குவிப்பதில்லை. மற்றவற்றைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். நாம் வழக்கமாகப் போடும் வெள்ளைப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து மெல்ல ஆட்டினால் பல மூட்டுகள் கழன்றுவரும். ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகே ரம்பத்தில் வையுங்கள். நல்ல தேக்குத் துண்டு கையளவு இருந்தாலும் ஒரு கைப்பிடிக்கு ஆகும்.

மிஞ்சும் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பூச்சோ மருந்தோ படாத வெறும் மரம் என்றால் போடலாம். பிளைவுட், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை, பெயின்ட் அடித்த பலகை எதையும் எரிக்கக் கூடாது. அவற்றின் பசையிலிருந்தும் பூச்சிலிருந்தும் வரும் புகை நச்சு, அடுப்படியில் நிற்பவர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்.