கார்பன் தண்டா, மேப்பிள் தண்டா: கியூ பட்டறையிலிருந்து சில எச்சரிக்கைகள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் பட்டறைக்கு ஓர் இளைஞர், பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான தம் கியூவின் முன்பாதியைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "அண்ணே, கையில ஒட்டுதேன்னு வீட்லயே லேசா தேய்ச்சேன். இப்ப பாருங்க, சாம்பல் பூத்த மாதிரி ஆயிருச்சு" என்று தயங்கியபடியே துண்டைப் பிரித்தார். ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் கொடுத்து அவர் வாங்கிய கார்பன் இழைத் தண்டு அது. பந்தைத் தொடும் நுனியான டிப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மேற்பூச்சு முழுவதும் போயிருந்தது. விரலை வைத்து இழுத்தபோது, மீனைச் செதிலுக்கு எதிர்ப்பக்கமாகத் தடவியது போல உரசியது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்த அவருடைய முன்கையில் சிவந்த தடிப்புகள் இருந்தன. இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தும் அரிப்பு நிற்கவில்லை என்றார்.

பூல், ஸ்னூக்கர் கியூக்களுக்கு டிப் மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் பதினேழு ஆண்டுகளாக என் தொழில். நான் தொடங்கிய காலத்தில் பட்டறைக்கு வந்த பூல் தண்டுகள் ஏறக்குறைய எல்லாமே மேப்பிள் மரம்தான். ஸ்னூக்கர் கியூக்கள் ஆஷ் மரம். 2016இல் பிரிடேட்டர் நிறுவனத்தின் ரெவோ என்ற கார்பன் தண்டு வந்தது. அதன் பிறகு கியூடெக் சினர்ஜி, மெஸ் இக்னைட் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கொரு கறுப்புத் தண்டை இறக்கியது. இப்போது வார இறுதியில் என் மேசைக்கு வரும் தண்டுகளில் கறுப்பும் வெள்ளையும் கலந்தே கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு வருபவர்கள் சொல்லும் கருத்துகளையும், லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், மாட்டும்போது நான் பார்ப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: கார்பனுக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பகுதி கார்பனுக்கு உரியதே அல்ல; கார்பன் தண்டுகள் கெட்டுப்போவதோ பெரும்பாலும் அவற்றை மரத்தைப் போல நடத்துவதால்தான்.

முதலில் பாராட்டைப் பார்ப்போம். "கார்பன்ல அடிச்சா நேரா போகுது" என்பதே நான் அதிகம் கேட்கும் வாக்கியம். வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் எந்தத் தண்டிலும் பந்து நேராகத்தான் போகும். சைட் கொடுத்து, அதாவது நடுவிலிருந்து வலப்புறமோ இடப்புறமோ தள்ளி அடிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். வலப்பக்கம் அடித்தால் பந்து குறிக்குச் சற்று இடப்பக்கமாகக் கிளம்பும். 9 அடி மேசையின் ஆடுபரப்பு 254 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளம் முழுவதும் ஓடும் பந்து ஒரே ஒரு பாகை விலகினாலும், மறுமுனையைச் சேரும்போது 4.4 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பந்தின் விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த விலகல் எவ்வளவு பெரிது என்பது புரியும்.

இந்த விலகலைத் தீர்மானிப்பது தண்டு எந்தப் பொருளால் ஆனது என்பதன்று, அதன் முனைப்பகுதி எவ்வளவு எடை கொண்டது என்பதே. டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பக்கவாட்டு அசைவு தண்டின் முன்பகுதியில் ஒரு சாண் அளவுக்குத்தான் பரவ முடியும். ஆகவே அந்த ஒரு சாணின் எடையே பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாடோர், தண்டின் நுனியில் எடையைக் கூட்டினால் விலகலும் கூடுகிறது என்பதைச் சோதனைகள் வழியே விளக்கியிருக்கிறார். மேப்பிள் தண்டின் முன்முனையை உள்ளே துளைத்து எடை குறைத்த தண்டுகள் 1990களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. எனவே சாதாரண மேப்பிளிலிருந்து நேராகக் கார்பனுக்கு மாறி வியந்து போகும் பலர், துளையிட்ட மேப்பிளுக்கு மாறியிருந்தாலும் அந்த வியப்பில் பெரும்பங்கை அனுபவித்திருப்பார்கள். அதற்கு விலையும் குறைவு.

எடை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. கார்பன் தண்டு மரத்தைவிட இலேசானது என்று பலர் எண்ணுகிறார்கள். கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் கார்பன் இழைக் கலவை மேப்பிளைப்போல் இரு மடங்குக்கும் மேல் கனமானது. உள்ளே குழாயாக இருப்பதால்தான் மொத்த எடை மரத் தண்டின் எடையை ஒட்டி நிற்கிறது. தராசில் வைத்துக் காட்டும்போது வாடிக்கையாளர்கள் முகத்தில் தோன்றும் ஏமாற்றத்தைப் பார்க்க எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

எதிர்க்கருத்துகளும் வலுவானவைதான். ஜாலான் ஈப்போ பக்கம் முப்பது ஆண்டுகளாக ஆடிவரும் பெரியவர் ஒருவர் கார்பனை ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு தம் மகனுக்கே கொடுத்துவிட்டார். "காலி டின்னைத் தட்டுற சத்தம்பா. மரத்துல அடிச்சா பந்து எங்க பட்டுச்சுன்னு கை சொல்லும்" என்பது அவர் கூற்று. கை சொல்வதாக நாம் நினைப்பதில் எவ்வளவு காது சொல்வது என்று அறிய, அவரைக் காதடைப்பான் மாட்டிக்கொண்டு இரண்டு தண்டிலும் அடிக்கச் சொன்னேன். ஐந்தாறு அடிக்குப் பிறகு, "இப்ப அவ்வளவு மோசமா தெரியலயே" என்றார். ஆனாலும் கார்பனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் முடிவு எனக்குச் சரியாகவே பட்டது. முப்பது ஆண்டுகளாகச் சைட் அடிக்கும்போது மேப்பிளின் விலகலுக்கு ஏற்பத் தன்னையறியாமல் குறியைத் தள்ளிவைத்துப் பழகிய கண், விலகல் குறைந்த தண்டைக் கையில் கொடுத்ததும் அதே அளவு தள்ளிவைத்துத் தவறவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற அவருக்கு என்ன அவசியம்? 1999இல் கார்டிஃபில் உலக நைன்-பால் பூல் பட்டத்தை வென்ற எஃப்ரென் ரேயஸ் மரத் தண்டில்தான் வென்றார். 2022இல் அதே பட்டத்தை வென்ற ஷேன் வான் போனிங் ஆடியது கார்பனில். இந்த இரண்டு பெயர்களையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு என் பட்டறை வாசலில் நடந்த வாக்குவாதங்களுக்குக் கணக்கே இல்லை.

கார்பன் உண்மையாகவே மரத்தை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. அதை அமெரிக்கர்களைவிடக் கோலாலம்பூர்க்காரர்களே நன்றாக உணர முடியும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் நீண்ட நாள் இருக்கும் மரம், தன் உலர் எடையில் சுமார் 16 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்றுக்கொள்ளும். ஏர்கோன் நாள் முழுவதும் ஓடும் பூல் கூடத்தில் அது 10 விழுக்காடு வாக்கில் இறங்கும். வீடு, கார், கூடம் என்று சுற்றிவரும் கியூ இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஓயாமல் ஊதியும் சுருங்கியும் கொண்டிருக்கிறது. அந்த ஊதலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. மேப்பிள் மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் ஊதும் அளவு, வளையங்களுக்குக் குறுக்கே ஊதுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் மழைக்காலத்தில் வரும் மரத் தண்டை வெர்னியரால் அளந்தால் ஒரு பக்கம் 12.82 மில்லிமீட்டர், கால்வட்டம் திருப்பினால் 12.76 என்று காட்டுகிறது. வட்டம் நீள்வட்டமாகிவிட்டது. இழையோட்டம் சற்றே சாய்ந்த மரமாக இருந்தால், அதே ஈரம் தண்டை வளைத்தும்விடும். கார்பன் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. வாரத்தில் நான்கு நாள் கியூவைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மழையிலும் வெயிலிலும் போகிறவர் என்னிடம் வந்து கேட்டால், விலகல் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், இந்த ஒரு காரணத்துக்காகவே கார்பன் வாங்கச் சொல்வேன்.

ஆனால் வாங்கிய பிறகு கவனம் தேவை. நம் ஈரக் காற்றில் வியர்வை பட்டால் எந்தத் தண்டும் கையில் ஒட்டும். மரத் தண்டுக்காரர்கள் பௌடர் போடுவார்கள். பௌடரும், டிப்பில் பூசும் சாக் தூளும், வியர்வையும் சேர்ந்து அழுக்குப் படியும். பிறகு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மரத்துக்கே அது நல்லதன்று. 13 மில்லிமீட்டரில் வாங்கிய தண்டு சில ஆண்டுத் தேய்ப்பில் 12.5க்கு இறங்கி, டிப்புக்குக் கீழே உள்ள ஃபெரூல் வளையம் மட்டும் மேடாக நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கார்பனில் அதே வேலையைச் செய்தால் பிசின் மேற்பூச்சு போய் இழைகள் வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். அவற்றின் தூசு தோலையும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். எங்கள் பட்டறையில் கார்பன் தண்டைத் தொட்டு லேத் ஓடும்போதெல்லாம் என்95 முகக்கவசம் அணிந்து, தூசு உறிஞ்சியை வெட்டும் முனைக்கருகே பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். அந்தத் தூசு மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் கணினி இருக்கும் அறையில் அந்த வேலையே கூடாது. கார்பன் தண்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியே போதும். கையில் ஒட்டினால் மூன்று விரல் கையுறை ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

டிப் மாற்றும் கடைக்காரரும் தெரிந்தவராக இருக்க வேண்டும். டிப்பின் பக்கவாட்டைச் சீவும்போது தண்டின் மேல் பல சுற்று டேப் ஒட்டிக் காக்காமல், மரத்துக்குச் செய்யும் பழக்கத்திலேயே சீவிவிட்டால் நுனியைச் சுற்றிச் சாம்பல் வளையம் ஒன்று விழும். அந்த வளையத்தைப் பார்த்ததும், இந்தத் தண்டு அவசரக் கை ஒன்றில் சிக்கிவிட்டு வந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

அடிபடுவதிலும் இரண்டும் வேறு வேறு. மரத் தண்டு மேசை விளிம்பில் மோதினால் பள்ளம் விழும். ஈரத்துணியை வைத்துச் சூடு காட்டினால் அந்தப் பள்ளம் பெரும்பாலும் எழுந்துவிடும். கார்பனில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். இருபது சென் நாணயத்தால் தண்டின் நீளம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே போய், எங்காவது ஒலி திடீரென்று மந்தமாக மாறினால் அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் எந்தக் கியூவையும் வைக்காதீர்கள். மூடிய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். சாதாரண எப்பாக்ஸிப் பசைகள் பல அந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கி, ஃபெரூலும், கியூவின் இரு பாதிகளையும் இணைக்கும் ஜாயிண்ட் உள்திருகும் ஆட்டம் கண்டுவிடும்.

வாங்கும்போது நடக்கும் ஏமாற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் இருநூறு ரிங்கிட்டுக்கு வாங்கியதாகக் கொண்டுவரப்பட்ட கார்பன் தண்டு ஒன்றின் டிப்பைக் கழற்றியபோது, உள்ளே வெளிறிய மரமும் மேலே கறுப்புக் கட்டம் அச்சிட்ட உறையும் இருந்தன. கண்ணாடியிழைக் குழாய்க்குக் கறுப்புச் சாயம் பூசியவையும் வருகின்றன. டிப் மாற்றும் வேளையில் நுனியின் வெட்டுமுகம் வெளியே தெரியும். அங்கே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தால் உண்மையான கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், மரமும் கண்ணாடியிழையும் கடத்தாது. இது ஒரு நிமிட வேலை. இதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஜாயிண்ட் திருகும் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். ரேடியல் திருகும் 3/8-10 திருகும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் அங்குலத்துக்கு ஒன்றில் 8 மரை, மற்றதில் 10. பலத்தைக் காட்டித் திருகினால் உள்திருகு கிழிந்துவிடும்.

உப்புத்தாளால் தேய்த்த அந்த இளைஞரின் தண்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து இழைகளை அடக்கி, மெல்லிய எப்பாக்ஸியை இரண்டு பூச்சாக ஏற்றிக் கொடுத்தேன். 12.5 மில்லிமீட்டராக இருந்தது 12.3 ஆகியிருந்தது, ஆடலாம். வாங்கிப்போக வந்தவர், தண்டு வளைந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, பின்பாதியையும் பூட்டி என் மேசைக் கண்ணாடியில் உருட்டினார். நடுவில் ஒரு துள்ளல் தெரிந்தது. "பாத்தீங்களா அண்ணே, தேய்ச்சதுல கோணிருச்சு" என்றார். இரண்டையும் கழற்றித் தனித்தனியாக உருட்டச் சொன்னேன். கார்பன் பாதி சத்தமில்லாமல் ஓடியது. துள்ளியது அவர் இரண்டு ஆண்டுகளாகக் காரின் பின்பெட்டியிலேயே வைத்திருந்த மரப்பாதி.