பொம்மை ரயில் ஓடவில்லையா? முதலில் செல் மூடியைத் திறங்கள்

"மோட்டார் எரிஞ்சு போச்சு போல தம்பி, மாத்திக் குடுத்துடுங்க" என்று ஒரு பாட்டி போன வாரம் பேரனுடைய ரயிலைக் கடைக்கு எடுத்து வந்தார். டார்ச், ரேடியோ, பொம்மை என்று சின்னச் சின்ன சாமான்களைப் பல வருடமாகப் பழுது பார்க்கிறேன். ஓடவில்லை என்று வரும் ரயில்களில் மோட்டாரே போயிருப்பது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு செல் பெட்டியில்தான்.

இதிலும் அப்படித்தான். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைத் தூள். தகட்டில் மயில்துத்த நிறத்தில் கறை. விடுமுறை முடிந்ததும் செல்லைக் கழற்றாமலே பரணில் போட்டுவிட்டார்கள்; உள்ளே இருந்த அல்கலைன் செல் கசிந்துவிட்டது.

அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். தோலையும் கண்ணையும் பொசுக்கக்கூடியது. விலை குறைந்த துத்தநாக-கார்பன் செல்லில் துத்தநாகக் கூடே எதிர்முனை (மைனஸ்); மின்சாரம் எடுக்க எடுக்க அது கரைந்து மெலிந்து, கடைசியில் ஓட்டை விழும். புதிய செல்லோடு பழையதைச் சேர்த்துப் போட்டாலும் இதே கதிதான். பழையது சீக்கிரம் தீர்ந்துவிடும்; புதியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; பழையது கசிந்துவிடும்.

கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து ஒற்றினேன். லேசாக நுரைத்தது. எலுமிச்சைச் சாறும் போதும். இது அல்கலைன் கசிவுக்கு மட்டும். துத்தநாக-கார்பன் கசிவு அமிலத்தன்மை உடையது, அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும்.

அப்புறமும் ரயில் ஓடவில்லை. கசிந்த காரம் ஒயரின் உறைக்குள் ஏறியிருந்தது. உறையைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பி கரிக்கோடு போலக் கறுத்துக் கிடந்தது. அதில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போய், குறைந்த நீளத்துக்குப் புது ஒயர் பற்றவைத்தேன். தகடு பிளாஸ்டிக்கில் செருகியிருப்பதால் சால்டரிங் இரும்பை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உருகி, தகடு சாய்ந்துவிடும். சக்கர அச்சில் சுற்றியிருந்த தலைமுடியையும் எடுத்ததும் ரயில் கிளம்பியது.

வீட்டிலேயே பிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருகுகளை எல்லாம் கழற்றியும் உடல் பிரியவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு திருகு ஒளிந்திருக்கும். நெம்பியதால் ஒடிந்த ரயில்களும் என்னிடம் நிறைய வருகின்றன. இன்னொன்று, அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். 1.5 வோல்ட் செல் இரண்டுக்கு ஏற்ற மோட்டாருக்கு 7.4 வோல்ட் போனால் உண்மையிலேயே எரிந்துபோகும்.

இதெல்லாம் பொம்மைக்கு வரும் கேடு. என்னைப் பதறவைத்தது அந்த ரயிலின் ரிமோட். நாணயம் போல 20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல் அதில் இருந்தது. மூடியின் திருகு தொலைந்துபோய், செலோடேப் ஒட்டியிருந்தார்கள். பேரனுக்கு இரண்டு வயது.

இந்தச் செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். அது கசிய வேண்டும் என்றுகூட இல்லை. ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாகும். இரண்டே மணி நேரத்தில் குழாய் வெந்துபோகலாம். ரிமோட்டுக்கு உதவாத 'தீர்ந்த' செல்லும் இதைச் செய்யும். எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது என்று சாதாரண சளி போலத்தான் ஆரம்பிக்கும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் நாணயம் போலவே தெரியக்கூடும் என்பதால், பட்டன் செல்லாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பேட்டரி பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள். செல் மூடியைக் கையால் இழுத்தும் பாருங்கள். திருப்புளி இல்லாமல் திறந்தால் வேண்டாம்.

பழைய பொம்மைகளில் கழற்றிய திருகுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் தேடி, பொருந்தியதை ரிமோட்டில் முடுக்கிக் கொடுத்தேன். பாட்டி ரயிலைப் பையில் வைத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றார். "வீட்டுல எடை பாக்குற மிஷின்லயும் இதே மாதிரி ஒரு செல்லு இருக்கே தம்பி, அதையும் கொண்டாரட்டுமா?" என்றார். அன்று சாயங்காலமே கொண்டுவந்தார்.